லெப்ற் விங்குக்கு மூன்று வாக்குகள்

நம் வயதுக்காரர் யாரிடம் 2009 என்று சொன்னாலும் அநேகமாக ஒரே படம்தான் எழும். வெஸ்ட்மினிஸ்டர் நிலையத்துப் படிகள், மேலே பாராளுமன்றத்துக்கு எதிரே சதுக்கம், பெரியவர்களின் கால்களுக்கு நடுவே தெரிந்த ஈரப் புல், வன்னிப் போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன அம்மாமார். அந்தப் படம் என்னிடமும் இருக்கிறது. ஆனால் எனக்கு அதற்கு முன்னால் வந்து நிற்பது லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு முன்னறை. கம்பளத்தின்மேல் ஒரு கரம் பலகை. பலகையில் பத்துக் காய்கள். பதினோராவது காய்க்கான இடம் மாசி மாதத்திலிருந்து வைகாசி முடியும்வரை காலியாகக் கிடந்தது.

பலகை இப்போது இல்லை. வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. எனக்கு அப்போது பத்து வயது. எதையும் வரிசைப்படுத்தி வைக்கும் பழக்கம் அன்றே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் நடந்ததை நான் இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

தொடக்கம் அப்பாவின் வேலையிடம். அவர் ஹரோப் பக்கம் பஸ் ஓட்டினார். டிப்போவில் அவருடன் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்தவர், ரக்பி லீக் என்றால் உயிர். லண்டன்காரர் அதிகம் பார்க்காத ரக்பி அது. ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். தேநீர் இடைவேளைகளில் அவர் தன் ஊர் அணியின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பதின்மூன்று பேரைத் தெரிவுசெய்துகொண்டிருப்பார். பாட்டன் சொல்லிக் கேட்ட ஆட்டக்காரரையும் மகனோடு போய்ப் பார்த்த ஆட்டக்காரரையும் ஒரே மைதானத்தில் இறக்குவார். ஒருவரை நீக்கி இன்னொருவரைச் சேர்ப்பார். அடுத்த நாள் எல்லாவற்றையும் குலைத்து மறுபடி தொடங்குவார். பல வருடமாகியும் அந்த அணி முடிவாகவில்லையாம். முதலில் அப்பாவுக்கு அது விசர் வேலையாகப் பட்டது. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, நின்ற நிலையிலேயே அம்மாவிடம் சொன்னார்.

"அவன்ர ஊர் எங்கட ஊரைவிடச் சின்னன். அதுக்கு நூறு வருசத்து ரீமை இருந்து யோசிக்கிறான். எங்களிட்டை இல்லாத ஆக்களே?"

"முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றார் அம்மா.

ஊர் விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளை, கோடை விழாவுக்கு ஒரு மலர் வெளியிடுவதாக இருந்தது. வாழ்த்துச் செய்திகளும் கடை விளம்பரங்களுமாக வழக்கம்போல் நிரம்பவிருந்த அந்த மலருக்குள் அப்பா இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊர் உதைபந்தாட்ட அணியின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பதினொரு பேர். விதிகளையும் வெள்ளைக்காரரிடமிருந்தே வாங்கி வந்தார். ஆட்டக்காரரை அவருடைய மிகத் திறமான ஆண்டில் வைத்துப் பார்க்கவேண்டும். அவர் ஆடிய நிலத்தையும் பந்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். செத்துப்போனவர் என்று இரக்கப்பட்டு ஒருவருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

தெரிவுக் குழுவில் மூன்று பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் செயலாளர் மாமா, கழகத்தின் லண்டன் கிளைச் செயலாளர். ஹரோவில் கணக்காளராக இருந்தார், மெல்லப் பேசுவார், மடிக்கணினியை மடியில் வைத்தபடியே ரோல்ஸ் சாப்பிடுவார். அப்பாவைவிட இளையவர். மூன்றாமவர் ஹொலண்ட் மாமா. அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஹொலண்டில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டனுக்கு வந்து பிளம்பிங் செய்தார். அவர் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

"ஹொலண்டில பிள்ளையள் நடக்கமுன்னம் பாஸ் பண்ணப் பழகுவினம்," என்பார்.

"நீ அங்க குழாய் பூட்டினனியோ, கோச்சாய் இருந்தனியோ?" என்பார் அப்பா.

கரம் பலகையை மைதானமாக்கியது நான். காய்களுக்கு நிறம் பிரித்ததும் நான்தான். மலர்களில் இறந்தவரின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவது வழக்கம். போடாமல் விட்டால் வீட்டாருக்குக் கோபம் வரும். உயிரோடு இருப்பவருக்குத் தவறிப் போட்டுவிட்டால் அதைவிடப் பெரிய கரைச்சல். அதனால் ஒவ்வொரு பெயரையும் தட்டும்போது செயலாளர் மாமா, "ஆள் இருக்கிறாரோ?" என்று கேட்பார். இருக்கிறார் என்றால் நான் வெள்ளைக் காய் வைப்பேன். இல்லை என்றால் கறுப்பு.

மாசியில் அந்த விளையாட்டு எவ்வளவு கலகலப்பாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நடுவில் நின்று தடுக்கிற சென்ரர் ஹாவ் இடத்துக்கு ஹொலண்ட் மாமா ஒருவரைக் கொண்டுவந்தார். வெறுங்காலோடு ஆடிய காலத்து ஆள். மூவரில் ஒருவரும் அவர் ஆடிப் பார்த்ததில்லை.

"அவர் அடிச்சா கோல் வாசல்ல நிக்கிற கோலியே விலகி நிப்பாராம். அப்பர் சொன்னவர்."

"உங்கட அப்பர் சொன்னது ஒரு சாட்சியே, அண்ணை?" என்றார் செயலாளர் மாமா.

"ஓம். அவர் பொய் சொன்னா என்னைப் பற்றித்தான் சொல்லுவார். விளையாட்டைப் பற்றிச் சொல்லமாட்டார்."

வெறுங்கால்காரர் அணிக்குள் வந்தார். கறுப்புக் காய். பூட்ஸ் போட்டவர்களோடு மோதினால் அவருடைய கால்விரல்கள் என்னவாகும் என்று நான் கேட்டேன். ஹொலண்ட் மாமா யோசித்துவிட்டு, எல்லோரையும் வெறுங்காலோடு இறக்கலாம் என்றார். அதிலும் அரை மணி நேரம் போயிற்று.

சிக்கியது லெப்ற் விங். இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடி முன்னேறுகிற இடம். அதற்கு இரண்டு பேர். ஒருவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கும் மூத்தவர். எங்கள் வீட்டில் அவரைக் கனடா அண்ணை என்பார்கள். மற்றவர் என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி.

செயலாளர் மாமாவுக்குச் சித்தப்பாதான். ஹொலண்ட் மாமாவுக்கு அது ஒரு நாளும் சரிவராது.

"அவன் நல்லா ஓடுவான், இல்லையெண்டு சொல்லேல்லை. கொக்கு மாதிரி ஓடுவான். ஆனா அவனிட்டை வலக்கால் இருக்கிறது நிக்கிறதுக்கு மட்டும்தான். ஒற்றைக் காலுக்கு நான் வோட்டுப் போடமாட்டன்."

ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது வாக்கு அப்பாவுடையது. அப்பா போடமாட்டார். "என்ர தம்பிக்கு நான் போட்டா ஊர் சிரிக்கும். மற்றவருக்குப் போட்டா செத்துப்போன எங்கட அம்மா மேல இருந்து ஏசுவா. நீங்கள் ரண்டு பேரும் முடிவெடுங்கோ." அப்படித்தான் அந்த இடம் காலியாகவே இருந்தது.

கனடா அண்ணைக்கு விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பார். ஸ்பீக்கரில் போட்டு அதைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைப்பார்கள்.

"எனக்கு இடம் தாங்கோ எண்டு நான் கேக்கேல்லை. சும்மா ஒரு ஞாபகத்துக்குச் சொல்லுறன். அரையிறுதியில ரண்டு கோலும் ஆர் போட்டது?"

"நீங்கள்தான், அண்ணை."

"ம். சும்மா சொன்னனான்."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சித்தப்பாவை நான் நேரில் கண்டதில்லை. எனக்கு அவர் ஒரு குரல். அந்தக் குரல் எப்போதும் "பிள்ளை, என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்கும். நான் பாஸ்தா என்பேன், அவர் சிரிப்பார். சித்தியோடும் என் வயது மகளோடும் அவர் வன்னியில் இருந்தார். மார்கழியில் கடைசியாகக் கதைத்தார். வீட்டை விட்டுக் கிழக்குப் பக்கமாகப் போகிறோம் என்றார். அதற்குப் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. அப்பா ஒவ்வொரு நாளும் அதற்கு எடுத்தார். போன் கார்டுகளின் வெள்ளித் தூளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, சோபாவின் கைப்பிடி முழுவதும் அந்தச் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. அதை நான் விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பேன். ஒரு மணமும் இருக்காது.

பங்குனி, சித்திரையில் வீட்டில் யாரும் ஓரிடத்தில் இருந்ததாக நினைவில்லை. அம்மா கேத்தலைப் போட்டுவிட்டு மாடிக்குப் போவார். தண்ணீர் கொதித்து அடங்கும். இறங்கி வந்து மறுபடி போடுவார். அப்பாவின் வலது முழங்கால் மேசையின் கீழே ஆடிக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சியில் தமிழ்ச் சேவை சத்தமில்லாமல் ஓடும். நான் அறைக்குள் வந்தால் யாராவது அலைவரிசையை மாற்றுவார்கள். பிள்ளைகளுக்கு விளங்காது என்று அவர்கள் நினைத்தார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்துகளை நாம் கூட்டி வாசிக்கப் பழகியதே அந்தத் தொலைக்காட்சியின் அடிவரிகளில்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சதுக்கத்துக்குப் போனோம், பல தடவை. ரயிலில் அப்பா உட்காரமாட்டார். இடம் இருந்தாலும் கதவருகே நின்று, நிலையத்துக்கு நிலையம் கைபேசியைப் பார்ப்பார். திரும்பி வந்து, ஈரக் கோட்டுகளை மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டதும், ஞாயிறாக இருந்தால் மற்ற இருவரும் வந்துவிடுவார்கள். கரம் பலகை இறங்கும். சதுக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற அதே மனிதர்கள் லெப்ற் விங்குக்காக ஆளையாள் திட்டிக்கொள்வார்கள். இந்த நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று அம்மாவின் தோழி ஒருவர் கேட்டார். அம்மா, "இருந்திட்டுப் போகட்டும். அந்த ஒரு மணித்தியாலம்தான் மனுசன் கதிரையில இருக்கிறார்," என்றார்.

ஹொலண்ட் மாமாவை எனக்கு அப்போது பிடிக்காது. காணாமற்போன ஆளைக் கொக்கு என்கிறாரே, ஒற்றைக்கால் என்கிறாரே என்று நினைப்பேன். ஆனால் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் முகம் தெளியும். "உன்ர கண்ணைக் காட்டு, டொக்டரிட்டைக் கொண்டுபோவம்," என்பார். முழங்கால் ஆட்டம் நின்றிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். முடிந்த பிறகு ஒரு கிழமைக்கு மேல் வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் சரியாகக் கதைக்கவில்லை. பிறகு வவுனியாவில் தெரிந்த ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது. சித்தியும் மகளும் முகாமில் இருக்கிறார்கள். சித்தப்பா அவர்களோடு இல்லை. கடல்நீரேரியைக் கடக்கும்போது, பின்னால் வந்த ஒரு வயதானவரைத் தூக்கிவரத் திரும்பிப் போனாராம். அதற்குப் பிறகு சித்தி அவரைக் காணவில்லை.

அவ்வளவுதான் செய்தி. கண்டவரும் இல்லை, கண்டதாகக் கேள்விப்பட்டவரும் இல்லை. அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்: காணவில்லை. மற்றவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அது அடுத்த ஞாயிறு தெரிந்தது.

அன்று மூவரும் வழக்கமான இடங்களில் இருந்தார்கள். மலர் அச்சுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. செயலாளர் மாமா மடிக்கணினியைத் திறந்தார். ரோல்ஸை யாரும் தொடவில்லை. தொலைபேசி அடித்தது. கனடா அண்ணை. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"நான் ஒண்டு சொல்லவேணும்," என்றார். குரல் வழக்கம்போல் இல்லை. "லெப்ற் விங்கில என்ர பேரை எடுத்துவிடுங்கோ. அது தம்பிக்குச் சேரவேண்டிய இடம்."

ஹொலண்ட் மாமா கம்பளத்தைப் பார்த்தபடி, "ஓம். நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்," என்றார். "அவனுக்கே குடுப்பம். கதை இல்லை."

"அப்ப எல்லாரும் ஒரே முடிவு," என்றார் செயலாளர் மாமா, மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, லெப்ற் விங்குக்கு ஒரு காயை வையுங்கோ."

நான் காய்ப் பெட்டியைத் திறந்தேன்.

"என்ன நிறம், மாமா?" என்று கேட்டேன்.

எனக்கு அது சாதாரணக் கேள்வி. மற்றப் பத்துப் பேருக்கும் கேட்டதுதான். கனடாவிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் மாமாவின் விரல்கள் விசைப்பலகையின்மேல் அப்படியே நின்றன.

அப்பா எழுந்தார்.

"மச்சான்," என்றார் ஹொலண்ட் மாமாவைப் பார்த்து. "போன மாசம் வரைக்கும் அவனுக்கு வலக்கால் இல்லை எண்டனி. இந்த மாசம் முளைச்சிட்டுதோ?"

"விடடாப்பா. நான் பிறகு யோசிச்சுப் பாத்தன்."

"என்னத்தை யோசிச்சாய்? எந்த மட்ச்சை யோசிச்சாய்? சொல்லு பாப்பம்."

ஹொலண்ட் மாமா மறுபடி கம்பளத்தைப் பார்த்தார்.

"மூண்டாவது விதி என்ன? செத்தவனுக்கு இரக்கப்பட்டு வோட்டுப் போடக்கூடாது. நீங்கள் மூண்டு பேரும் போட்டிட்டியள்." அப்பாவின் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவன் உயிரோட இருக்கிறான் எண்டு நினைச்சா, நீ விட்டுக்குடுப்பியோ? சாகும்வரைக்கும் சண்டை பிடிப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதோ?"

"தம்பி, நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை," என்றது தொலைபேசி.

"அண்ணை, நீங்கள் விலகவேண்டாம். நில்லுங்கோ."

அப்போதுதான் அம்மா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். சமையலறையில் எல்லாம் கேட்டிருக்கும். தட்டைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். நிமிராமலே, "பக்கத்து ஊரோட நடந்த ஃபைனல்ல தம்பி வெறும் கோலுக்கு வெளியில அடிச்ச கதையை ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?" என்றார்.

அம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

"நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோட வேலிக்கு இஞ்சால நிண்டு பாத்தனான். கோலி விழுந்து கிடக்கிறான். முன்னால ஒருத்தரும் இல்லை. பந்து பனைக்கு மேலால போச்சுது. ஊரே தலையில கை வைச்சுது."

எனக்கு அம்மாமேல் அப்படியொரு கோபம் வந்தது. அப்பா சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது.

"அது பந்து துள்ளினது," என்றார் அப்பா.

ஹொலண்ட் மாமா தலையைத் தூக்கினார். அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஒரு கோப்பையை எடுத்தார்.

"துள்ளேல்லை," என்றார்.

"துள்ளினது. அந்த மூலை மாடு கட்டுற இடம். முழுக்கக் கிடங்கு."

"மாடு கட்டினா என்ன, யானை கட்டினா என்ன? வலக்காலால தட்டியிருந்தா உருண்டே போயிருக்கும். இவர் இடக்காலுக்குச் சுத்திக்கொண்டு வாறார், கோயில் வீதி சுத்துற மாதிரி."

"சுத்தாமல் அடிச்சா ஆங்கிள் இல்லை, விசரா."

"ஆங்கிளோ? வெறும் கோலுக்கு என்ன ஆங்கிள்?"

"நானெண்டா அதைத் தலையால போட்டிருப்பன்," என்றது தொலைபேசி. "சும்மா சொல்லுறன்."

"நீங்கள் தலையால போட்டிருந்தா பந்து வெடிச்சிருக்கும், அண்ணை," என்றார் செயலாளர் மாமா. அவர் பகிடி விட்டு நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தேநீரில் ஆடை படிந்தது. ஹொலண்ட் மாமா எழுந்து, சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே சித்தப்பாவைப் போல ஓடிக் காட்டினார்; அப்பா அவரைப் பிடித்து நிறுத்தி, அப்படியல்ல என்று தான் ஓடிக் காட்டினார். இரண்டு பெரிய மனிதர்கள், காலுறையோடு, கம்பளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினார்கள். எனக்குச் சித்தப்பா ஓடுவது எப்படியிருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

களைத்து உட்கார்ந்தபின் அப்பா சொன்னார், "இந்த முறை நானும் வோட்டுப் போடுறன். கனடா அண்ணைக்கு."

செயலாளர் மாமா, "எனக்கு மாசியிலயும் அவர்தான், இப்பவும் அவர்தான், அண்ணை," என்றார். அப்பா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அதில் கோபம் இல்லை.

ஹொலண்ட் மாமா மூச்சு வாங்கியபடி, "கனடா அண்ணைக்கு," என்றார். "ஒற்றைக்காலுக்கு நான் போடேன்."

இரண்டுக்கு ஒன்று. நான் வெள்ளைக் காயை வைத்தேன்.

"தம்பியை ரிசேர்வில போடும்," என்றார் அப்பா செயலாளர் மாமாவிடம். "பேரை மட்டும் போடும். முன்னால ஒண்டும் வேண்டாம்."

அண்ணன் தம்பிக்கு இப்படிச் செய்யலாமா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அப்பாவோடு கதைக்காமல் மாடிக்குப் போய்விட்டேன். அம்மா கூப்பிட்டு, கீழே வந்தபோது, அப்பா இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். தரவுகளைச் சரிபார்ப்பது இப்போது என் வேலை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் நிரப்பிவிடுவதுதான் அந்த வேலையில் மிக மோசமான பிழை. அதைப் பாடமாகப் படித்த நாளில் எனக்கு அப்பாவின் அந்தச் சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வந்தது. வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. சித்தி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறார். அப்பா பென்ஷன் எடுத்துவிட்டார்.

அந்தக் கோடையில் மலர் வந்தது. பளபளப்பான தாள், மை மணம், பதினொரு பேர், கீழே சிறிய எழுத்தில் ரிசேர்வ். விழாவும் முடிந்தது. தெரிவுக் குழுவுக்கு இனி வேலை இல்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் அப்பா தொலைக்காட்சியைப் போட்டார், நிறுத்தினார், யன்னலடிக்குப் போனார், திரும்பி வந்தார். முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. அம்மா கேத்தலைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

கதவு மணி அடித்தது. நானும் அப்பாவின் பின்னால் போனேன். வேலை உடுப்போடு ஹொலண்ட் மாமா நின்றார். கையில் ஒன்றும் இல்லை. வந்ததற்கு ஒரு காரணமும் அவரிடம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

"மச்சான், நான் திரும்ப யோசிச்சுப் பாத்தன்," என்றார் வாசலில் நின்றபடி, தெருவுக்கே கேட்கும்படி. "உன்ர தம்பியை ரிசேர்விலயும் போட்டிருக்கக்கூடாது."

அப்பா கதவை அகலத் திறந்தார்.

"உள்ளுக்கு வா," என்றார். "வந்து இருந்து சொல்லு, ஏன் எண்டு."